போடியார் அண்ணை கேட்ட மூன்றில் ஒரு பங்கு

தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டு வேளை. சுப்பவைசர் வந்து எனக்குப் போன் என்றார். என் மனைவி வேலையிடத்துக்கு ஒருநாளும் போன் எடுக்காதவள். ஓடிப்போய் எடுத்தேன். "இஞ்சேருங்கோ, போடியார் அண்ணை எல்லோ மோசம் போயிட்டார்" என்றாள். மாரடைப்பாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். திரும்பிப் போய் மெசினுக்கு முன்னால் நின்றேன். வேலை முடியும்வரை அப்படியே நின்றேன்.

இதை வாசிக்கும் உங்களில் அநேகருக்கு அவர் போடியார்தான். கணபதிப்போடி என்ற முழுப்பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கிழக்கே மட்டக்களப்பில் போடியார் என்றால் வயலும் மாடும் நிறைந்த பெரிய காணிக்காரர். இவருக்கோ சொந்தமாக ஒரு துண்டுக் காணியும் இருந்ததில்லை. அங்கே கொழும்பில் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க், இங்கே கனடாவில் ஒரு கட்டடத்துக்குச் செக்யூரிட்டி. வடக்கே யாழ்ப்பாணத்து ஆட்கள் நாங்கள் பகிடிக்கு வைத்த பட்டம் அது. "காணி இல்லாட்டியும் பட்டத்த மட்டும் தந்தீங்களே, சந்தோசம் கா" என்று சிரிப்பார். பேச்சு முடிவில் அவர் போடும் 'கா'வையும், பிறகு என்பதற்குச் சொல்லும் 'மறுகா'வையும் நாங்கள் அவருக்கு முன்னாலேயே நடித்துக் காட்டுவோம். அதற்கும் சிரிப்பார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் சேர்ந்து சென் ஜேம்ஸ் ரவுணில் தொடங்கிய எங்கள் சங்கத்தை நீங்கள் அறிவீர்கள். ஞாயிறு பின்னேரங்களில் அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பார்ட்டி ரூமில் கூட்டம். அரைவாசி நேரம் வீட்டு வாடகையும் இமிகிரேசனும். மற்ற அரைவாசி அரசியல். இலங்கையில் தமிழருக்கு அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும்படி கொழும்பை நெருக்குங்கள் என்று கனடா அரசாங்கத்துக்கு மனுமேல் மனு. கூடிக் கதைத்து எழுதுவோம், நிர்வாகக் குழுவில் இருந்த போடியார் அண்ணை டைப் அடிப்பார்.

ஒருநாள் தேநீருக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். போனால், டிவியில் இந்த நாட்டு மாகாண முதலமைச்சர்கள் பிரதமரைச் சுற்றியிருந்து பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்துக்கு என்ன கொடுப்பது என்று இழுபறிப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணை பந்தடி பார்ப்பவரைப்போல் கதிரை நுனியில் இருந்தார். "பாத்தியா மனே, சண்டைதான் புடிக்கிறாங்க. ஆனா எல்லாருக்கும் ஒரு கதிரை இருக்கு." எனக்கு எரிச்சல். "இவ்வளவு குடுத்தும் கியூபெக்காரருக்குக் காணாதாமோ அண்ணை?" என்றேன். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "காணுமா காணாதா எண்டு சொல்ல வேண்டியவன் வாங்கிறவன். குடுக்கிறவன் இல்ல." தேநீர் ஆறிவிட்டதென்று பிறகு மறுபடியும் சூடாக்கித் தந்தார்.

மனு கொடுக்கத் தலைநகர் ஒட்டாவாவுக்குப் போன எங்கள் குழுவில் அவரும் இருந்தார், நானும் இருந்தேன். அங்கே ஓர் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாக இணைத்துக் கேட்கிறீர்கள். கிழக்குக்காரர் உங்களுடைய குழுவில் இருக்கிறார்களா?" என்றார். எங்கள் சங்கத் தலைவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. போடியார் அண்ணையின் தோளில் கையைப் போட்டு, "இதோ, இவர் மட்டக்களப்பு" என்றார். அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார். திரும்பி வரும்போது அண்ணை வான் வண்டியின் கடைசி சீற்றில் வெளியே பார்த்தபடி இருந்தார். "இண்டைக்குத்தான் மனே நான் மட்டக்களப்பானா அவங்கட கண்ணுக்குப் பட்டிருக்கன்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் எழும்பினார். சங்கத்தின் நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடம் கிழக்கு மாகாணத்தாருக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று முன்மொழிந்தார். ஆமோதித்தவன் நான். அறை கசமுசாவென்றது. தலைவர் கெட்ட மனிதரல்ல. கொழும்பில் வீடு எரிந்து, உடுத்த உடுப்போடு வந்தவர். அவர் நயமாகவே சொன்னார்: "அண்ணை, இப்ப உதுக்கு நேரமில்லை. முதல்லை எங்கடை உரிமை வரட்டும். பிறகு எங்களுக்குள்ளை பாத்துக்கொள்ளுவம். இப்ப ஒற்றுமைதான் முக்கியம்."

அண்ணை குரலை உயர்த்தவில்லை. "கொழும்புக்காரனும் இதத்தானே தம்பி நமக்குச் சொன்னவன்? நாடு ஒண்டா இருக்கட்டும், மத்ததெல்லாம் மறுகா பாப்பம் எண்டு?"

அட, அந்தக் கேள்விக்கு ஒருவராவது பதில் சொல்லியிருக்கலாம்! கோபத்திலாவது கத்தியிருக்கலாம். எல்லோரும் வாக்கெடுப்புக்குப் போய்விட்டார்கள். கிழக்குக்காரர் நாலைந்து பேரும் நானும் கை தூக்கினோம். மற்றப் பக்கம் அறை நிறையக் கை. சனநாயகம்தான், ஒரு பிழையும் சொல்ல ஏலாது.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அடுத்த மனுவின் கையெழுத்து வரைவு மேசையில் கிடந்தது. அண்ணை போய் டைப் மெசினுக்கு முன்னால் இருந்து அடிக்கத் தொடங்கினார். ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எல்லோருக்கும் கேட்க வாசித்தார்: "எண்ணிக்கையில் சிறியவர்களின் சம்மதம் இல்லாமல் அவர்கள் பெயரால் எவரும் முடிவெடுக்கக் கூடாது. இந்த வசனத்த வைக்கிறதா, எடுக்கிறதா?" "வையுங்கோ வையுங்கோ, நல்ல வசனம்" என்றார்கள். ஒருவர் முகத்திலும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வசனத்தை அடித்து முடித்தார்.

வெளியே வந்ததும் நான் அவர்மேல் பாய்ந்தேன். "ஏன் அண்ணை அடிச்சுக் குடுத்தனீங்கள்? தூக்கி எறிஞ்சுபோட்டு வந்திருக்கலாமெல்லோ!" கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "எறிஞ்சா மறுகா எங்க போற? எண்பத்து மூண்டில கொழும்பில எனக்கு அடிச்சவன், நீ மட்டக்களப்பா யாழ்ப்பாணமா எண்டு கேட்டுட்டா அடிச்சவன்? தமிழன் எண்டுதானே அடிச்சவன்."

அந்த வாக்கெடுப்புக்குப் பிறகு மற்றக் கிழக்குக்காரர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர் மட்டும் வந்தார். ஒவ்வொரு வருசமும் பொதுக்கூட்டத்தில் எழும்பி அதையே முன்மொழிந்தார். ஒவ்வொரு வருசமும் தோற்றார். போடியாரின் பாட்டு வருகிறது என்று பின்வரிசையில் சிரிப்பார்கள். ஊரில் மாகாண சபை வந்து, அதுவும் சீரழிந்த காலத்திலும் அவர் விடவில்லை.

செத்தவீட்டில் தலைவர் பேசும்போது விம்மி விம்மி அழுதார். 'எங்கள் ஒற்றுமையின் தூண்' என்றார். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மனிதரின் கண்ணீர் உண்மையான கண்ணீர், ஐயோ, அதை நான் என்ன செய்ய? மட்டக்களப்பில் இருக்கும் அண்ணையின் மனைவியையும் மகளையும் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் இன்னும் முடியவில்லை. போன் லைன் கிடைக்காமல், உடலை எரித்த பிறகுதான் தகவலே அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

சென்ற ஞாயிறு கூட்டத்தில், நிர்வாகக் குழுவில் காலியான அவருடைய இடத்துக்கு ஆள் தெரிவு செய்தார்கள். யாழ்ப்பாணத்தார் ஒருவரின் பெயர் வந்தது, நல்ல பொடியன்தான். நான் எழும்பி, மோர்னிங்சைட் பக்கம் இருக்கும், கிழக்கு மாகாணத்து வாழைச்சேனைப் பெண் ஒருத்தியின் பெயரைச் சொன்னேன். முன்பே கேட்டிருந்தேன், சம்மதித்திருந்தாள். தலைவர், "ஆமோதிக்கிற ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டு மரியாதையாகக் கொஞ்ச நேரம் பொறுத்தும் பார்த்தார். ஒருவரும் ஆமோதிக்கவில்லை, அதோடு அந்தப் பெயர் விழுந்தது. ஒருவரும் எதிர்க்கவும் இல்லை. எதிர்த்திருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். எல்லோரும் என்னை இரக்கமாகப் பார்த்தார்கள். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

எழும்பிக் கேட்கிற அந்தப் பழக்கம் ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. அடுத்த கூட்டத்திலும் கேட்பேன். எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. இதை வாசிக்கிற நீங்கள் அவரோடு பழகியவர்கள், அவருடைய தேநீர் குடித்தவர்கள். ஞாயிறு பின்னேரம், அதே பார்ட்டி ரூம்தான். யாராவது ஒருவர் வந்து ஆமோதியுங்கள்.