நங்கூரம் போடக்கூடாத படகு

ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் படகோட்டி மீக்கோனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடையாது. வசந்த விழாவில் நாடகம் பார்க்கப் போனவன், பழிவாங்கும் தெய்வங்கள் பாம்புத் தலைமுடியோடு ஓடிவந்ததும் பக்கத்தில் இருந்தவன் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். துறைமுகமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சிரித்த மகராசர்களில் ஒருவனாவது அந்த வழக்கு நாளில் அவன் படகில் இருந்திருக்க வேண்டும், அப்போது தெரிந்திருக்கும் சங்கதி!

அன்று அவன் ஏற்றி வந்தது தெலெசியாஸை. எப்போதோ கைதவறி ஒருவனைக் கொன்றதற்காக நாடுகடத்தப்பட்டவன். போன ஊரில் ஆர்க்கிப்போஸ் என்பவனின் தம்பியை வேண்டுமென்றே கொன்றான் என்று இப்போது இன்னொரு வழக்கு. நாடுகடத்தப்பட்டவன் ஏதென்ஸ் மண்ணை மிதித்தால் யார் வேண்டுமானாலும் வெட்டலாம், கேள்வி கிடையாது. படகு தரைதட்டினாலே மிதித்ததாகத்தான் கணக்கு. ஆனால் அவன் பக்கத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. அதனால் நடுவர்கள் கரையில் உட்காருவார்கள், அவன் படகில் நின்று பேசுவான். நங்கூரம் போடக்கூடாது. படகை நிறுத்தி வைப்பது துடுப்புப் பிடிப்பவன் பாடு.

முந்தின நாளே ஆர்க்கிப்போஸ் வந்து போயிருந்தான். அவன் வேறு யாருமில்லை, மீக்கோனின் சம்பந்தி. மகள் நிக்காரெத்தே அவன் வீட்டில்தான் கைக்குழந்தையோடு வாழ்கிறாள்.

"பெரிசா ஒண்ணும் செய்ய வேணாம், சம்பந்தி. காத்து கரைப்பக்கம் தள்ளுறப்ப துடுப்பைக் கொஞ்சம் தளர விடுங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

"அதான் நடுவருங்க இருக்காங்களே..."

"அவங்க ஓட்டுக்குக் கூழாங்கல்லைப் போட்டு எண்ணிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. என் தம்பி எந்திரிச்சு வருவானா?" கொடியில் காய்ந்த வலையைத் தடவிக்கொண்டே சிரித்தான். "உங்க பொண்ணு எங்க வீட்ல நல்லா இருக்கணும்ல?"

மீக்கோனுக்கு அன்றிரவு கஞ்சிகூட இறங்கவில்லை.

மறுநாள் தெலெசியாஸ் பேச எழுந்தபோதே தெற்குக் காற்று கிளம்பிவிட்டது. கரையில் நடுவர்கள். அவர்களுக்கு இந்தப் பக்கம், முழங்கால் தண்ணீரில், ஆர்க்கிப்போஸும் மகன்களும். அந்த வெயிலிலும் போர்வை போர்த்தியிருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று மீக்கோனுக்கா தெரியாது?

"அண்ணே," என்றான் தெலெசியாஸ், மெதுவாக. "பேசி முடிக்கிற வரைக்கும் பிடிச்சுக்கங்க. அப்புறம் செத்தாலும் பரவாயில்ல."

மீக்கோனுக்கு மகளின் முகம்தான் கண்ணில் நின்றது. துடுப்பைத் தளர்த்தினான். ஆமாம், தளர்த்தத்தான் செய்தான், மறைப்பானேன்? படகு கரையைப் பார்த்து நழுவியது. தெலெசியாஸுக்குப் பேச்சு நின்றுவிட்டது. அடியில் மணல் பழுப்பாகத் தெரிந்தது. ஆர்க்கிப்போஸ் போர்வையை உதறினான், கத்தி வெளியே வந்தது, தண்ணீரை வாரியடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

அந்த முகத்தைப் பார்த்ததும் மீக்கோன் வாய்விட்டு அலறினான். நாடகத்தில் பார்த்த அதே முகம்! மகள், சம்பந்தி எல்லாம் மறந்து போயிற்று. கைகள் தாமாகவே துடுப்பைப் பற்றி வெறிபிடித்தமாதிரி பின்னுக்கு வலித்தன. படகு ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தெலெசியாஸ் விட்ட இடத்திலிருந்து பேசி முடித்தான். கூழாங்கற்களை எண்ணினார்கள். குற்றவாளி இல்லை என்று தீர்ப்பாயிற்று.

"சொந்த சம்பந்திய எதிர்த்துச் சட்டத்தைக் காப்பாத்திட்டான்டா நம்ம மீக்கோன்!" என்று துறைமுகம் அவனைக் கொண்டாடியது. சட்டமாவது மண்ணாங்கட்டியாவது! பயத்தில் செய்த காரியம் என்று சொல்லவும் அவனுக்குப் பயம்.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. யாரோ மகளின் பிணத்தைத் தூக்கி வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தான். நிக்காரெத்தே முழுசாக நின்றாள், கையில் துணி மூட்டை. அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

"அனுப்பிட்டாங்களா? போகட்டும் விடும்மா. உசுரோட வந்தியே, அது போதும். குழந்தை எங்க?"

"தரமாட்டேன்னுட்டாங்கப்பா. அவங்க வாரிசாம். மாமா மடியில வச்சுக் கொஞ்சிட்டிருந்தாரு." மூட்டையைக் கீழே வைத்தாள். "இவன் பெரியவனாகட்டும், இவனே வந்து உங்கப்பனை ஒரு கை பாப்பான்னு சொல்லி அனுப்பினாரு."

மீக்கோன் கதவைத் தாழிட்டான். தாழ் விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தான். பேரனுக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை.