உரசிப் பார்க்காமல் குடித்த தண்ணீர்

சகோதர சகோதரிகளே, நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பாண்டி பஜாரில் ஒரு நகைக்கடையில் தங்கத்தைக் கல்லில் உரசி மாற்றுப் பார்ப்பது என் வேலை. மாமியார் போட்ட சங்கிலியையே ரகசியமாக உரசிப் பார்த்தவன். அந்த வேலைக்குக் கண்தான் மூலதனம். எனக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மற்றதிலும் புரை விழுந்தபோது ஆடிப்போய்விட்டேன்.

எழுபத்திரண்டாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். தலையை அசைக்காதீர்கள், இருமினால் தையல் விட்டுவிடும், அப்புறம் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். மயிலாப்பூர் வீட்டில் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. அதனால் மனைவியால் வர முடியவில்லை.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிதான் எனக்கும் கஞ்சி புகட்ட வந்தாள். முகம் தெரியாது. குரலும் வளையல் சத்தமும்தான். கேட்காமலே இவ்வளவு செய்கிறாளே, எதற்கு அடிபோடுகிறாள் என்று யோசித்தேன். விரலில் தொளதொளவென்று ஆடிய கல்யாண மோதிரத்தைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். மறுநாள் தூங்கி எழுந்தால் கை காலி. அவள்தான் என்று தீர்மானித்துவிட்டேன். கிட்டே வராதே என்று விரட்டினேன். கஞ்சியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்று கிடந்தேன்.

மத்தியானம் தொண்டை காய்ந்து கமறத் தொடங்கியது. அடக்க அடக்க இருமல் ஏறிக்கொண்டு வந்தது. நர்ஸைக் கூப்பிட்டால் அந்தக் குரலோடு இருமலும் வந்துவிடும். அவ்வளவுதான், கண் போயிற்று என்று நினைத்தேன். அப்போது வளையல் சத்தம் கேட்டது. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை என் உதட்டில் பட்டது.

“தண்ணி நைனா. இன்னா ஏதுன்னு யோசிக்காத, வாயத் தொற. கொயந்த யோசிக்குதா?”

திருடி என்று நான் முடிவுகட்டிய கை அது. பிள்ளை மனசு வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தவன் நான். அதில் ஒரு வார்த்தைகூட அப்போது உதவிக்கு வரவில்லை. ஆண்டவரே, எனக்கு இவளை நம்பத் தெரியவில்லை, உம்மையும் சரியாக நம்பத் தெரியவில்லை, என்னைப் பிடித்துக்கொள்ளும் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். வாயைத் திறந்தேன். வெதுவெதுப்பான தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இருமல் அடங்கிவிட்டது.

கட்டு அவிழ்த்த அன்று முதலில் ஜன்னல் கம்பி தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்துக் கட்டில் காலி. முந்தின நாளே வீட்டுக்குப் போய்விட்டார்களாம்.

மோதிரம் இன்றுவரை கிடைக்கவில்லை. அவள் எடுத்தாளா, வேறு யாராவது எடுத்தார்களா, தெரியாது. என் சந்தேகம் முழுசாகப் போகவும் இல்லை. சபையில் நின்று ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் அன்றைக்கு ஆண்டவர் அந்தக் கையால்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அதில் சந்தேகமே இல்லை.

கடையில் இன்றும் எல்லாவற்றையும் உரசித்தான் பார்க்கிறேன். ஜெபிக்க முழங்கால் போடும்போது மட்டும் அந்தக் கல்லைக் கீழே வைத்துவிடுகிறேன். என்னைப் போல உங்களுக்கும் நம்பத் தெரியாவிட்டால் பரவாயில்லை, வாயை மட்டும் திறந்துகொடுங்கள். தண்ணீர் யார் கையால் வர வேண்டும் என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.