‘அழி’ பட்டனின் மேல் ஏதோ ஒன்று

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். பேய்க் கதை என்றாலே கொட்டாவி விடுகிற ஆள்தான் நானும். ஆனால் இது என் மச்சினிக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் வீட்டில் எது உடைந்தாலும் தானே போய் ஒப்புக்கொண்டு, கூடவே என் மனைவியையும் மாட்டிவிட்டவள் அவள். நடந்தது ராத்திரிகூட இல்லை. பட்டப்பகல், ஞாயிற்றுக்கிழமை காலை.

அவளுக்கு வெப்சைட்டுகளைச் சோதிக்கும் வேலை. கையால் அல்ல, ஸ்கிரிப்ட் எழுதி. வேறொரு கட்டடத்தில், பூட்டிய அறையில், கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருக்கும். இவள் எழுதிய ஸ்கிரிப்ட் அங்கே தானாக பிரவுசரைத் திறந்து பட்டன்களை அழுத்தும். சரியாக நடந்தால் பச்சை, தவறினால் சிவப்பு. இவள் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே அந்தத் தூரத்துத் திரையை ஒரு ஜன்னலாகத் திறந்து பார்ப்பாள். இதற்குப் போய் இவ்வளவு சம்பளமா என்று நான் கேலி செய்ததுண்டு. இப்போது செய்வதில்லை.

அப்போது அவள் கையில் இருந்தது, தனியாக வாழும் வயதானவர்களுக்கான ஒரு பக்கம். போனைத் திறந்தால் பெரிய சிவப்பு பட்டன், ‘உதவி’ என்று. அழுத்தினால் ‘டிங்’ என்று ஒரு சத்தம், பின்னாலேயே ஆம்புலன்ஸ். அதே பக்கத்துக்கு ஒத்திகைக்காக ஒரு நகலும் உண்டு. பார்க்க அச்சு அசல் அதேதான். அதிலும் ‘டிங்’ கேட்கும், ஆனால் யாரும் வரமாட்டார்கள். ஒரு பட்டியலில் ஒரு வரி சேரும். அந்தப் பட்டியலை எவரும் படிப்பதில்லை. சோதனையின் கடைசியில் ‘அழி’ என்ற பட்டனை அழுத்தி மொத்தத்தையும் துடைப்பது ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரின் வேலை.

இதில் என் மாமனார் எங்கே வந்தார் என்று கேட்பீர்கள். அவருக்கு இதய ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம். இரண்டு பெண்களும் கெஞ்சிப் பார்த்தாயிற்று. எங்கள் யார் வீட்டிலும் இரண்டு நாளுக்கு மேல் தங்கமாட்டார். தன் கட்டிலில் படுத்தால்தான் தூக்கம் வருமாம். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மச்சினி போன மாதம் அவர் போனில் அந்தப் பக்கத்தை வைத்துக் கொடுத்தாள். நிஜப் பக்கம் இன்னும் வெளியாகாததால் ஒத்திகைப் பக்கத்தை.

“கை பழகட்டும்பா. நிஜமானது வந்ததும் நானே மாத்திடறேன்.”

“ஒத்திகைக்கு நான் என்ன நாடகமா போடப்போறேன்?” என்றார் அவர்.

திங்கட்கிழமை நிஜப் பக்கம் வெளியாக வேண்டும். அதற்குள் எல்லாம் பச்சை ஆக வேண்டும். ஆகிவிட்டால் அப்பாவின் போனிலும் பட்டன் நிஜமாகும். ஆகாவிட்டால் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும். அந்த ஒரு மாதத்தை நினைத்துத்தான் மச்சினி ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஆபீஸுக்குப் போனாள். மாடி முழுக்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

எல்லாக் கம்ப்யூட்டரும் பச்சை. ஏழாவது மட்டும் சிவப்பு.

‘அழி’ பட்டனை அடையாளம் காண முடியவில்லை என்றது.

இது அவளுக்குப் பழகிய தலைவலி. பக்கம் மெதுவாகத் திறந்திருக்கலாம். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினாள். சிவப்பு. பட்டனைத் தேடும் அடையாளத்தை மாற்றினாள். சிவப்பு. திரையின் அளவை மாற்றினாள். மறுபடியும் சிவப்புதான்.

தூரத்துக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு குணம் உண்டு. இங்கே அந்த ஜன்னலை மூடிவிட்டால், பார்க்க ஆளில்லை என்று அங்கே திரையே வரையப்படாது. அந்த நேரத்தில் திரையைப் படம் எடுத்தால் வெறும் கறுப்புதான் வரும். இவளும் ஜன்னலை மூடிவிட்டுத்தான் ஓட்டியிருந்தாள். அட, இதுதானா விஷயம் என்று, சோதனை தவறிய இடத்தில் ஸ்கிரிப்ட் எடுத்து வைத்த படத்தைத் திறந்தாள்.

படம் பளிச்சென்று இருந்தது.

யாரோ பார்த்துக்கொண்டிருந்தால்தான் அப்படி வரும்.

மெஷின் அறையைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனைப் போனில் கூப்பிட்டாள்.

“அண்ணே, ரூம்ல யாராவது இருக்காங்களா?”

“ஞாயித்துக்கிழமை யாரும்மா வருவாங்க? சாவி என் பாக்கெட்லதான் இருக்கு.”

“ஏழாவது மெஷின்ல யாரோ இருக்கற மாதிரி காட்டுது.”



“இன்னிக்கு அதை விட்டுடுங்கம்மா,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எப்படி விடுவது? நாளை காலை வெளியாக வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தபடியே ஓட்டினாள். இந்த முறை வேறு பதில் வந்தது. பட்டன் இருக்கிறதாம். ஆனால் அதன் மேல் வேறு எதுவோ இருக்கிறதாம். அழுத்தத்தை அது வாங்கிக்கொள்கிறதாம்.

திரையில் பட்டனைத் தவிர ஒன்றும் இல்லை.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஸ்கிரிப்டையே கேட்டாள். பெயர் இல்லாத ஏதோ ஒரு பொருள் என்றது. நிறம் இல்லை, எழுத்து இல்லை. அளவு மட்டும் இருந்தது. அதைத் தன் திரையில் வைத்துப் பார்த்தாள்.

ஓர் உள்ளங்கை அளவு.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். ஆனாலும் வேலைப் புத்தி விடவில்லை. மேலே என்ன இருந்தாலும் பொருட்படுத்தாமல் பலவந்தமாக அழுத்தச் சொல்ல ஒரு வழி உண்டு. இவர்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஒரே ஒரு வரி. எழுதினாள். ஓட்டப் போனாள்.

ஹெட்போனில் ‘டிங்’ என்றது.

ஸ்கிரிப்ட் ஓடவில்லை. அவள் எதையும் தொடவில்லை.

‘டிங்’...

கொஞ்சம் இடைவெளி.

‘டிங்’... ‘டிங்’...

தூரத்துத் திரையில் மவுஸ் அம்பு நகர்ந்தது. ஸ்கிரிப்ட் நகர்த்தினால் நேர்கோட்டில் போகும். இது நடுங்கிக்கொண்டு போனது. நோயாளியின் கை மாதிரி.

பட்டியலுக்குள் இறங்கியது.

ஒரு வரியில் நின்றது.

அவள் மவுஸைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

அந்த வரியைப் படித்தாள்.

அப்பாவின் போன்.

நேரம்... 9:12.

இப்போது 9:20.

வரிக்கு மேல் அம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது.

அப்பாவைக் கூப்பிட்டாள். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இரண்டாவது மணிக்கே எடுத்து “என்னடி” என்பவர் அவர். அப்பாவின் கீழ் வீட்டில் இருக்கும் டீச்சரைக் கூப்பிட்டாள். அவரிடம் மாற்றுச் சாவி உண்டு.

“டீச்சர், மேல போய்ப் பாருங்க. அப்பா போன எடுக்கல. கேள்வி கேக்காம ஓடுங்க.”

டீச்சர் ஓடினார். குளியலறை வாசலில் மாமனார் விழுந்து கிடந்தார். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் வந்து, நானும் மனைவியும் அலறியடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் மச்சினி ஆபீஸுக்குப் போகவில்லை. நேராக மெஷின் அறைக்குப் போய் அந்த டெக்னீஷியனைப் பிடித்தாள். முதலில் மழுப்பினார். இவள் விடவில்லை. பிறகு சொன்னார்.

“உங்களுக்கு முன்னாடி இந்த வேலைய ஒருத்தர் பாத்தாரும்மா. இங்கயேதான் உக்காருவார், ஏழாவதுல. போனை வெளிய லாக்கர்ல வெச்சிட்டுத்தான் உள்ள வரணும், அதான் விதி. ஒரு லீவு நாள்ல தனியா இருக்கும்போது நெஞ்சு வலி. எந்திரிக்க முடியல. எதிர்ல அந்தப் பக்கம் திறந்திருக்கு.”

“ஒத்திகைப் பக்கமா?”

“ஆமா. அவருக்குத் தெரியாமலா இருக்கும், அவரே செஞ்சதுதானே. வேற என்ன செய்வார் பாவம். அழுத்திக்கிட்டே இருந்தாரு. பின்னாடி கேமராலதான் பாத்தோம்.”

“பட்டியல யாரும் பாக்கலயா?”

“பாக்கறதுக்கு வரி இருந்தாத்தானே? சாயந்திரம், இப்ப நீங்க ஓட்டறீங்களே அதே ஸ்கிரிப்ட், வழக்கம்போல ஓடி எல்லாத்தையும் அழிச்சிடுச்சு. மறுநாள் காலைல கதவைத் திறந்தா, கை மவுஸ் மேல இருக்கு.”

மச்சினி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஸ்கிரிப்டை இத்தனை நாள் தினமும் ஓட்டியவள் அவள்தான்.

இதுவரைக்கும்கூட நான் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேபிள் கோளாறு, பிரமை, என்னவோ. மாமனார் பட்டனை அழுத்தினார், வரி விழுந்தது, இவள் பார்த்தாள், அதில் என்ன அதிசயம் என்று.

மூன்றாம் நாள் அவரை வார்டுக்கு மாற்றினார்கள். கட்டிலைச் சுற்றி நாங்கள் மூன்று பேர். மச்சினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நல்லவேளை அந்த பட்டனை அழுத்தினீங்கப்பா.”

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

“எந்த பட்டனை?”

“போன்ல வெச்சேனே... ‘உதவி’.”

“நான் எங்கம்மா அழுத்தினேன்? பாத்ரூம் வாசல்ல விழுந்தவன் விழுந்ததுதான். விரலக்கூட அசைக்க முடியல. போன் கட்டில் மேல சார்ஜ்ல கிடந்துச்சு.”

மச்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ஆனா சத்தம் கேட்டுச்சு,” என்றார் அவர். “கட்டில் பக்கம். ‘டிங்... டிங்’னு. யாரோ உக்காந்து விடாம அழுத்தற மாதிரி. நீதான் வந்துட்டேன்னு நெனச்சேன்.”