அக்காவின் அலமாரிக் கதவு

1. ஞாயிறு: மர அலமாரியின் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன்.
2. டக்கென்று இழுத்துப் பிடிக்கும் பழைய காந்தத்தைக் கழற்றினேன்.
3. கதவு மோதும் இடங்களில் நான்கு ரப்பர் புஷ் ஒட்டினேன்.
4. புதன் மதியம்: அக்கா தன் துணிகளை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாள்.

முதல் மூன்றும் அவள் கேட்டுச் செய்தவை. நான் அப்போது டிப்ளமா கடைசி ஆண்டு. "அடியே இஞ்சினீரு, இந்தக் கதவு டமால் டமால்னு அடிச்சிகினே கீது. தலைவலி தாங்கல. எதுனா பண்ணேன்." "பண்ணா இன்னா தருவே?" என்றேன். "உன்ன மாப்ள பாக்க வரப்போ வாயே தொறக்க மாட்டேன், போதுமா?"

அவளே அந்தக் கதவைக் குதிகாலால் உதைத்துத்தான் மூடுவாள். இரண்டு கையும் ஈரத்தலையில் இருக்கும். முதல் சத்தம் பாவாடை, இரண்டாவது புடவை, மூன்றாவது ஊக்கு. அவள் பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்பதை நான் அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவேன். எண்ணெய் விட்ட பிறகு மூன்று நாட்கள் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை நான் காலேஜில் இருந்தேன். காலை ஷிப்டு முடித்த நைனா அந்த அலமாரிக்கு முன்னால்தான் பாய் போட்டுப் படுத்திருந்தார். அம்மா அடுத்த அறையில் கண்ணயர்ந்திருந்தாள். அக்கா எந்நேரம் கதவைத் திறந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் விரும்பியவர் ஆந்திரா பக்கம் நகரிக்காரர், வேறு சாதி. அவள் வைத்துவிட்டுப் போன கடிதத்தில் அது மட்டும் இருந்தது.

"முன்ன மாதிரி அடிச்சிருந்தா நா முழிச்சிகினு இருப்பேனே" என்று அம்மா சாயந்திரம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நைனா கதவைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்து, ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தார். "நல்லாத்தான் ஒட்டிக்கீற, பாப்பா" என்றார். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் ஞாபகம் இருந்திருக்காது.

இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்துக்குச் சமையலறை அலமாரிகள் வரைகிறேன். சத்தமே வரக்கூடாது என்று எல்லாரும் கேட்கிறார்கள். கதவுக்கு எத்தனை புஷ் என்று எழுதும்போதெல்லாம், அந்தத் தலைவலி நிஜமா என்று அவளிடம் கேட்கத் தோன்றுகிறது. பொய் என்றாலும் பரவாயில்லை. அவள் வாயால் கேட்க வேண்டும்.

அக்கா நகரியில் இருக்கிறாள். எங்கள் ஊர் திருத்தணியிலிருந்து ஒரே பஸ்தான். வீட்டில் யாரும் இதுவரை போகவில்லை. நான் போகத்தான் இருக்கிறேன். நைனாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். இன்னும் சொல்லவில்லை.