உடனிருப்பவரின் கையெழுத்து

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்தது நடந்ததுதான். போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல். நாளும் நேரமும் அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இன்னும் இருக்கின்றன.

கருங்கல் ராஜையனுக்கு வயது எழுபத்தொன்று. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சுவலிக்கு ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்லி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு. பல்வலி, சபையில் அசன விருந்து, மழை. ஊசிக்கு அவர் பயப்படவில்லை. பயந்தது கையெழுத்துப் போடும் காகிதத்துக்கு.

எட்டு வருடத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில்தான் மனைவி ஜெயபாய்க்குக் குடல் அறுவை. அவசரம். கணவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். 'உயிருக்கு ஆபத்து நேரலாம்' என்ற வரியைப் படித்ததும் ராஜையனுக்குக் கை வரவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்தபோது ஜெயபாய் உயிரோடு இல்லை; கையெழுத்துக்கும் தேவை இருக்கவில்லை.

துணி எடுக்க வீட்டுக்குப் போனேன், பஸ் கிடைக்கவில்லை என்று மகன் ஸ்டெனியிடம் சொன்னார். கண்டக்டர் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? டீக்கடையில் இருந்தது அந்தப் பிப்ரவரிச் செவ்வாய்வரை யாருக்கும் தெரியாது.

அன்று காலை 9.10-க்கு ஆஸ்பத்திரிக்கு அவர் தனியாகத்தான் போனார். ஸ்டெனி குவைத்தில். பக்கத்து வீட்டுக்கும் சொல்லவில்லை.

"பாட்டாவுக்கு பைஸ்டாண்டர் ஆரு?" என்று கேட்டாள் நர்ஸ் ஷைஜா. நோயாளியுடன் இருப்பவரை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆரும் இல்ல, மக்கா."

"பெண்ணு பாக்கக்கூட ஆரும் ஒத்தைக்குப் போவ மாட்டாவ, பாட்டா. ஒப்பு போட ஆளில்லண்ணா இண்ணைக்கு எடுக்க முடியாது."

கையெழுத்துக்கு ஆளில்லை என்றதும் ராஜையனுக்கு உள்ளூர நிம்மதி. தப்பித்தோம். 10.40-க்குச் செருப்பை மாட்டி வாசல்வரை வந்துவிட்டார்.

"பாட்டா... எங்க ஓடுதீய? ஒப்பு போட்டாச்சு. வாருங்க."

"ஆரு போட்டது?"

"உங்க ஆளுதான். வராந்தாவில இருக்காவ."

எட்டிப் பார்த்தார். நாற்காலி காலி. இருக்கையில் மட்டும் ஈரம்...

உடுப்பு மாற்றினார்கள். படுக்க வைத்தார்கள். மணிக்கட்டில் ஊசி. மணி 11.15.

பீப்... பீப்... இயந்திரச் சத்தம்.

அறை முழுக்க ஏசி குளிர். வலது பாதத்தில் மட்டும் வேறொரு குளிர். யாரோ பிடித்திருந்தார்கள்.

தலையைத் தூக்கினார்.

"அசையாதீங்க," என்றார் டாக்டர்.

கால்மாட்டில் யாரும் இல்லை.

பிடி விடவில்லை.

11.38. முடிந்தது.

பிடி... தளர்ந்தது.

பெரிய அடைப்பு இல்லை, மாத்திரை போதும் என்றார்கள். மாலை நாலரைக்கு ராஜையன் அந்தப் படிவத்தைக் காட்டச் சொன்னார். நோயாளிக்கு என்ன உறவு? 'மனைவி.' அதற்குக் கீழே 'ஜெயபாய்.' இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. அவள் எழுத்துதான். நேரம் 10.38.

"பாட்டிக்கும் இண்ணைக்கு ஆபரேஷனா?" என்றாள் ஷைஜா. "தியேட்டர் உடுப்பும் தொப்பியுமா நிண்ணாவ."

"என்ன சொன்னா?"

"உங்களுக்கு எப்பண்ணு கேட்டேன். இவிய டீக்கடையில இருந்து வரட்டும், வந்து ஒப்பு போட்டாத்தான் என்னைய உள்ள கொண்டு போவாவண்ணு சொன்னாவ."

ராஜையன் பேனா கேட்டார்.

"எதுல போடணும், பாட்டா?"

அவர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். போடுவதற்குக் காகிதம் இல்லை.