காற்று போனாலும் நிற்காத வண்டி

பஞ்சர் கடைக்காரனுக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. ரோட்டில் ஆணி போடுவதே அவன்தான் என்பார்கள். எண்பதுகளின் கடைசியில் திருமுல்லைவாயில் மெயின் ரோட்டில் கடை போட்டு நானும் அந்தப் பெயரை வாங்கினேன். உச்சி வெயிலில் டயர் உட்கார்ந்துபோய் நடுவழியில் நின்றவர்தானே நீங்களும்? உங்களுக்குப் புரியும், கேளுங்கள்.

டிக்கியில் இடமில்லை

எங்கள் பக்கம் வாடகை அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சவாரிக்கு ஆள் அதிகம் என்றால் ஸ்டெப்னியை எடுத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். டிக்கியில் அண்டா குண்டா ஏற்றலாம், பாரமும் குறையுமாம். ஏழெட்டுப் பேரை அடைத்துக்கொண்டு ஒரு சக்கரத்தின் பாரத்துக்குக் கவலைப்படுகிறவர்களை என்ன சொல்ல?

முருகேசனும் அப்படித்தான். சொந்த வண்டி, நல்ல மனுஷன், என் வாடிக்கைக்காரன். திருவேற்காடு கோயிலுக்கு ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு கிளம்பியவன், கொஞ்ச நேரத்தில் வெடித்த சக்கரத்தை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். ஸ்டெப்னி எங்கே என்று கேட்டேன்.

“ஊட்ல பத்திரமா கீது அண்ணாத்தே.”

முத்தாபுதுப்பேட்டை சவாரி

அந்த மழைக்காலத்தில், முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றினான். முந்தின நாள் கல்யாணச் சவாரி என்பதால் ஸ்டெப்னி வீட்டிலேயே கிடந்தது. ஆவடி வருவதற்குள் பின் டயர் பஞ்சர். வேறு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரமாகிவிட்டது; தாய் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை.

யாரும் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணின் மாமியார் சொன்ன ஒன்றைத்தான் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“ஸ்டெப்னி இல்லேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, வேற வண்டி பாத்திருப்போமேப்பா.”

பட்டாளத்து டயர்

அதிலிருந்து அவனுக்கு ஒரே பைத்தியம்: வழியில் நிற்காத டயர் வேண்டும். பட்டாளத்து வண்டி செய்யும் ஆவடி ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸிலிருந்து என் கடைக்கு ஸ்கூட்டர் கொண்டுவரும் ஃபிட்டர் சேவியர், காற்று போனாலும் ஓடும் பட்டாளத்து டயர்களைப் பற்றி ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். முருகேசன் பிடித்துக்கொண்டான். சேவியர் பயந்துபோய், அதெல்லாம் ஒரே பாரம், குண்டும் குழியும் நேராக இடுப்பில் இறங்கும், சூடேறும், காற்று போனது ஓட்டுகிறவனுக்கே தெரியாது, குண்டடி படும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம் தப்பிப்பதற்குத்தான் அது என்றெல்லாம் எடுத்துச் சொன்னார்.

அவன் கேட்கவில்லை. பழைய டயர்களை ஓரம் அறுத்து ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்துத் தரச் சொன்னான். நான் முடியாது என்றேன். பூந்தமல்லியில் யாரிடமோ போய் எல்லாச் சக்கரத்துக்கும் செய்துகொண்டு வந்தான். வண்டி முக்கி முனகிக்கொண்டு நகர்ந்தது. சேவியர் தலையிலடித்துக்கொண்டார். முருகேசன் அவரிடம் சொன்னான்.

“ஆளைக் கொண்டும்போய் ஆஸ்பத்திரில சேத்தா போதும் சார். அப்பால வண்டி இன்னா ஆனா எனக்கின்னா?”

கடைசியாகக் கழற்றிய சக்கரம்

சொன்னபடியே செய்தான். அதன்பின் அவன் ஏற்றிய நோயாளி யாரும் நடுவழியில் நிற்கவில்லை. ஒரு மத்தியானம், பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் ஒருவரை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது முன் டயர் கிழிந்து, வண்டி புளியமரத்தில் மோதியது. முருகேசன் அங்கேயே போய்விட்டான்.

போலீஸ்காரர் அந்தச் சக்கரத்தை என் கடைக்குக் கொண்டுவந்து பிரிக்கச் சொன்னார். டியூப் நார்நாராகக் கிடந்தது. உள்ளே ரப்பர் தேய்ந்து, கருகி, பொடியாகக் கொட்டியது. காற்று எப்போதோ போயிருக்கிறது. டயர் உட்காராததால் அவனுக்குத் தெரியவில்லை. அவன் மனைவி செல்வி கூடவே வந்து நின்றிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள், மறைக்காமல் சொன்னேன். அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

“ஒரு வாட்டி பஞ்சராயி நின்னிருந்தா, ஊட்டுக்கு வந்திருப்பாரு இல்ல?”

நாங்கள் விற்பது என்னவோ வெறும் காற்றைத்தான். அது இறங்குவது தெரிந்து வண்டியை ஓரங்கட்டுகிறவர் கொடுத்துவைத்தவர்.