மாமா சீராகக் கொண்டுவந்த பிராசசர்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தை வீடமைப்புக்காக விற்றுவிட்டார்கள். தொழிலாளர் லயத்தைக் காலி செய்துவிட்டு சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு மலிவு விலை வீட்டுக்குப் போனோம். அப்போது நான் மலாக்கா டவுனில் ஒரு லோரி கம்பெனி ஆபிசில் கிளார்க். சாப்பாட்டு நேரத்தில் ஆபிஸ் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாடிப் பழகியிருந்தேன். ஒருநாள் முதலாளி தவுக்கேயின் கண்ணில் பட்டுவிட்டது, கேமையே அழித்துவிட்டார். சைபர் கஃபேக்குப் போகலாம் என்றால் அங்கே முழுக்கப் பையன்களும் சிகரெட் புகையும். அப்பாவுக்குத் தெரிந்தால் காலை ஒடித்துவிடுவார். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். விளையாடத்தான், வேறு எதற்கும் இல்லை. இருபத்திரண்டு வயசுப் பெண் இதை வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள், அதனால் வீட்டில் "ஆபிஸ் வேலைக்கு" என்று சொல்லி வைத்தேன்.

கடையில் பூட்டி விற்பதை வாங்கினால் ரேஸ் திக்கித் திணறும். சாமான்களைத் தனித்தனியாக வாங்க வேண்டும், அவை ஒன்றோடொன்று சேரவும் வேண்டும். பிராசசர்தான் மூளை. அது உட்காரும் பலகை மதர்போர்ட். அந்தச் சமயத்தில் பிராசசர் இரண்டு வடிவத்தில் வந்துகொண்டிருந்தது. ஒன்று, அடியில் ஊசி ஊசியாகக் கம்பி வைத்த சதுர வில்லை. மற்றது புதிது, விலையும் கூட, கேசட் மாதிரி நிமிர்த்திச் செருகுவது. ஒன்றுக்கான போர்டில் மற்றது நுழையவே நுழையாது. நான் சதுரத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதில் மிச்சமாவதை நல்ல கிராபிக்ஸ் கார்டில் போட்டால் கார் பறக்கும். பழைய பத்திரிகைகளைப் புரட்டி, கடை கடையாக ஏறி இறங்கி, எதற்கு எது சேரும் என்று தெளிய மாதக்கணக்கானது. கார்டையும் ராம் என்கிற மெமரிச் சில்லையும் என் சம்பளத்தில் வாங்கி, அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் புதுமனை புகுவிழா வந்தது. என்ன சீர் வேண்டும் என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். மற்ற வீடுகளில் கேஸ் அடுப்பு, காற்றாடி என்று சொல்வார்கள். எங்கள் அப்பாவுக்குப் பெருமை பொங்கிவிட்டது.

"எம்மவ கம்ப்யூட்டர் பூட்டுறா. அதுக்குச் சாமான் வாங்கிக் குடுங்க."

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, மதர்போர்டை ஏற்றுக்கொண்டார். அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், பிராசசரை ஏற்றுக்கொண்டார். கேசிங்கும் மானிட்டரும் அப்பா பொறுப்பு. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எந்தக் கடை, எந்தச் சாமான் என்று இருவருக்கும் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். பெரியப்பா சொன்னதை வாங்கினார். மாமா கடைக்குப் போய் முதலில் பெரியப்பா வாங்கிய போர்டின் விலையை விசாரித்திருக்கிறார். நான் சொன்ன பிராசசர் அதைவிட மலிவு. தாய்மாமன் தட்டு பெரியப்பா தட்டுக்குக் கீழே இறங்கலாமா? கடையில் இருந்ததிலேயே விலை கூடியதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

விழாவன்று தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பட்டுப்புடவை, நடுவில் பிராசசர் பெட்டி. பெட்டியின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவே பெரிய குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்தேன். கேசட் வடிவம்.

"மாமா, இது பெரியப்பா போர்டுல உக்காராது. கடையில குடுத்து மாத்தணும்."

"ஏன் உக்காராது? இதுக்கு மேல மாடல் இல்லன்னு கடைக்காரனே சொன்னான் லா."

"நல்ல சாமான்தான் மாமா. ஆனா பொருந்தாது."

"நல்லது எங்கயும் பொருந்தும். அவரு போர்டுல கோளாறு இருந்தா அவருகிட்ட சொல்லு."

அம்மா பின்னாலிருந்து என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். எனக்கு வரன் வந்தால் நட்சத்திரம், ராசி, ரஜ்ஜு என்று பத்துப் பொருத்தமும் பார்த்து, ஒன்று இடித்தாலும் வேண்டாம் என்கிற குடும்பம் இது.

பந்தி முடிந்ததும் பெரியப்பாவிடம் போய், போர்டையாவது மாற்றித் தரச் சொன்னேன். "அவன் கொண்டாந்ததுக்காக நான் குடுத்தத மாத்தணுமா? நீ சொன்னதத்தான வாங்குனேன்?" என்றார். அதில் நியாயம் இருந்தது, ஆனால் எனக்குப் பிரயோஜனம் இல்லை. மறுவாரம் பெட்டியைக் கடைக்கே கொண்டு போனேன். கடைக்காரர் குங்குமத்தை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, பெட்டி கெட்டுப்போனது, திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

சரி, சதுரத்தை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பா குதித்தார்.

"தாய்மாமன் சீர ஒதுக்கி வெச்சிட்டு வேற வாங்குவியா? ஒங்கம்மா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அந்த வீட்டுப் படி ஏறுவா?"

அதோடு பேச்சு முடிந்தது. பிராசசரும் போர்டும் கண்ணாடி அலமாரியில் கோப்பைத் தட்டுகளோடு உட்கார்ந்தன. வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா காட்டினார். நான் வேலை முடிந்து வந்து அந்தப் பக்கம் திரும்பாமல் அறைக்குப் போய்விடுவேன். அந்த வீட்டில் எல்லோர் மரியாதையையும் காப்பாற்ற என்னுடைய ஆசை ஒன்றுதான் மலிவாகக் கிடைத்தது. அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

வருசக் கடைசியில் மாமா வந்தார். அவருடைய மகன் பரீட்சையில் நன்றாகச் செய்துவிட்டானாம், கம்ப்யூட்டர் கேட்கிறானாம்.

"போர்டு, மானிட்டர் எல்லாம் வாங்கிட்டேன். பிராசசர் இங்க சும்மாதானே கிடக்கு?"

கொடுத்த சீரை அவரே திருப்பிக் கேட்பது முறையா என்று நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தட்டில் வெற்றிலை வைத்து, அதே பெட்டியை அதே குங்குமத்தோடு எடுத்துக் கொடுத்தார்.

"நீதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே, வந்து பூட்டிக் குடும்மா," என்றார் மாமா.

அம்மா அறைக்குள் போய் சேலைகளுக்கு அடியிலிருந்து என் கார்டையும் ராமையும் எடுத்து வந்து என் கைப்பையில் வைத்தாள். "இதுவும் சும்மாதானே கிடக்கு. ஒன் தம்பி மாதிரிதானே அவன்?"

மாமா வாங்கியிருந்த புதுப் போர்டு கேசட் வடிவத்துக்கானது, அதில் அவருடைய பிராசசர் நேராக இறங்கியது. நான் வாங்கிய இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. அவை இரண்டு வகைப் போர்டுக்கும் சேரும் என்று பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். சுவிட்சைப் போட்டதும் திரை ஒளிர்ந்தது.

"பாத்தியா," என்றார் மாமா, "நான் வாங்குனது நல்ல சாமான்னு அன்னிக்கே சொன்னேன்."

பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கார் ரேசைத் திறந்தான். கார் வளைவுகளில் வழுக்கிக்கொண்டு பறந்தது. மாமி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். நான் முதன்முதலாகப் பூட்டிய கம்ப்யூட்டர் அது. ஒரே ஒரு ரேஸ் விளையாடக் கொடு என்று அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அங்கே இருந்த ஒருவருக்கும் எனக்குக் கொடுக்கத் தோன்றவும் இல்லை.